பெயரற்ற எலும்பு

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் தொழுகையின் இறுதி இருப்பில் அமரும் முறைக்குத் தவர்ருக் என்று பெயர். இடது காலை வலது கணைக்காலின் அடியாக வெளியே செலுத்தி, வலது பாதத்தை நட்டு வைத்து, இடப்பக்கப் பிட்டத்தைத் தரையில் பதித்து அமர்வது அது. அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஹனஃபீ மத்ஹபில் ஆண்கள் இடது பாதத்தை விரித்து அதன்மேல் அமர்வர். அதற்கு இஃப்திராஷ் என்று பெயர். சோழமண்டலக் கரையின் பள்ளிவாசல்களில் இவ்விரு முறையினரும் ஒரே அணியில் தோளோடு தோள் சேர்ந்து அமர்வதை நாள்தோறும் காண்கிறோம். அவ்வேறுபாட்டை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தவர்ருக் என்னும் சொல்லின் பிறப்பிலிருந்தே நாம் தொடங்க விரும்புகிறோம். அச்சொல் வரிக் என்னும் பெயரிலிருந்து பிறந்தது. தொடைக்கு மேலுள்ள இடுப்புப் பகுதியை அரபு வழக்கு வரிக் என்கிறது. மருத்துவ நூல்களோ அதே சொல்லை இடுப்பிலுள்ள ஓர் எலும்பின் பின்பகுதிக்குப் பெயராக்கின.

இதே எலும்பின் பிற பகுதிகளும் நம் ஃபிக்ஹு நூல்களில் வெவ்வேறு பாடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தொழுகையில் கையை இடுப்பில் ஊன்றி நிற்பது வெறுக்கப்பட்டது என்று படிக்கிறோம். அதற்குரிய இக்திஸார் என்னும் சொல்லை உரையாசிரியர் பலர் காஸிரா, அதாவது விலாவுக்குக் கீழுள்ள இடுப்புப் புறம் என்பதோடு இணைத்து விளக்குவர். இயற்கைத் தூய்மை பற்றிய பாடத்தில் ஆனா என்னும் சொல் வருகிறது. அடிவயிற்றின் கீழ்முனை அது. மறுமை பற்றிய நபிமொழிகளில் அஜ்புத் தனப் வருகிறது; முதுகெலும்புத் தொடரின் வால்முனை அது. ஆக, ஒரு மாணவர் ஏழாண்டுப் பாடத்திட்டத்தை முடிப்பதற்குள் மனித இடுப்பின் எலும்புச் சட்டகத்தை ஏறத்தாழ முழுமையாகவே சொல்லளவில் கடந்து விடுகிறார். ஆனால் வரிக், காஸிரா, ஆனா என்ற மூன்றும் ஒரே எலும்பின் மூன்று முகங்கள் என்று அவருக்கு எந்தப் பாடமும் சொல்வதில்லை. சொற்கள் நம்மிடம் இருக்கின்றன; அவை குறிக்கும் பொருளை ஒன்றுசேர்த்துக் காணும் பழக்கம் எங்கோ நழுவிப் போயிற்று. அது எப்போது, எவ்வாறு நழுவியது என்பதை இந்த ஓர் எலும்பைக் கொண்டே ஆராயலாம் எனக் கருதுகிறோம்.

முதலில் எலும்பைப் பார்ப்போம். இடுப்பின் இரு பக்கமும் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு பெரிய எலும்புகள் உள்ளன. முன்புறம் அவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பின்புறம் திரிக எலும்பு அவற்றுக்கிடையே ஆப்பு வைத்தாற்போல் பொருந்தியிருக்கிறது. இம்மூன்றும் வால் எலும்பும் சேர்ந்தே இடுப்புக்கூடு ஆகிறது. ஒவ்வோர் இடுப்பெலும்பும் பிறக்கும் குழந்தையிடம் ஒன்றன்று, மூன்று. மேலே விசிறிபோல் விரிந்தது ஒன்று; கீழே பின்புறம் தடித்தது ஒன்று; முன்புறம் வளைந்து வருவது ஒன்று. இம்மூன்றும் தொடையெலும்பின் தலை பொருந்தும் குழியில் குருத்தெலும்பால் இணைந்திருக்கின்றன. பதின்பருவத்தின் நடுவில் அக்குருத்தெலும்பு இறுகத் தொடங்குகிறது. இருபது, இருபத்தைந்து வயதிற்குள் மூன்றும் தடம் தெரியாதபடி ஒன்றாகி விடுகின்றன. ஒரே மனிதனின் எலும்பைச் சிறுவயதில் எண்ணினால் ஒரு கணக்கும், முதிர்ந்தபின் எண்ணினால் வேறு கணக்கும் வரும். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது தேவைப்படும்.

எலும்பைப் பற்றிப் பேசும்போது அதனைப் பற்றியிருக்கும் தசைகளை விட்டுவிட இயலாது. எலும்பிலுள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஏதோ ஒரு தசையின் பிடிப்பிடமாகவே பெரும்பாலும் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடமேற்கே, ஞானசம்பந்தரின் பதிகம் பெற்றதும் கடுவெளிச் சித்தரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதுமான இரும்பை என்னும் சிற்றூர் உண்டு. அங்கிருந்து வடக்கே கழுவேலிச் சதுப்பு நிலத்தைக் கடந்து சென்றால் மரக்காணத்தின் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அங்கே பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கும். பிறகு நீர் பாய்ச்சி, உப்பு விளைந்ததும் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரிக் கரையில் குவிப்பர். குவித்த உப்பைப் பெண்கள் கூடையில் ஏந்தித் தலைச்சுமையாக வரப்பின்மேல் நடந்து கொண்டு செல்வர். இடுப்பெலும்பின் முழுப் பாடமும் அந்த வரப்பில் இருக்கிறது.

பாத்தி மிதிப்பவர் காலைத் தூக்கும்போது, இடுப்பெலும்பின் உட்புறக் குழிவிலிருந்தும் முதுகெலும்பின் பக்கங்களிலிருந்தும் இறங்கி ஒன்றாகித் தொடையெலும்பின் உட்புறச் சிறுபுடைப்பில் முடியும் தசை சுருங்குகிறது. உப்பு வாருபவர் குனிந்து நிமிரும்போது, எலும்பின் பின்பக்க மேற்பரப்பிலிருந்தும் திரிக எலும்பிலிருந்தும் புறப்படும் பெரும் பிட்டத் தசையும், உட்காரும் புடைப்பிலிருந்து தொடையின் பின்புறமாக முழங்காலுக்கு அப்பால் இறங்கும் நீண்ட தசைகளும் உடலை மேலே இழுக்கின்றன. தொடைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் தசைகளோ முன்பக்கத்து எலும்பைப் பற்றியுள்ளன. தலைச்சுமையோடு நடக்கும் பெண்ணிடம் நடப்பது இன்னும் நுட்பமானது. ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் தரையை விட்டு எழுகிறது. அந்த நொடியில் உடல், சுமை அனைத்தும் ஒரே காலில் நிற்கின்றன. எழுந்த காலின் பக்கம் இடுப்பு சரிய வேண்டும், ஆனால் சரிவதில்லை. ஊன்றிய காலின் பக்கத்தில், விரிந்த எலும்பின் வெளிப்புறத்திலிருந்து தொடையெலும்பின் மேற்புடைப்பு வரை ஓடும் நடுப் பிட்டத் தசையும் சிறு பிட்டத் தசையும் இடுப்பைக் கீழ்நோக்கிப் பிடித்து, மறுபக்கம் தாழாமல் காக்கின்றன. இத்தசைகள் நலிந்தவரை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் மறுபக்க இடுப்பு கீழே இறங்கிவிடும். ட்ரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895இல் விளக்கிய இச்சோதனையை இன்றும் மருத்துவர்கள் செய்து பார்க்கின்றனர்.

இத்தனை வேலை செய்யும் எலும்புக்கு கிரேக்கர்கள் பெயர் வைக்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன், அரபியர் ஜாலீனூஸ் என்றழைத்த பேரறிஞர், இவ்வெலும்பின் பகுதிகளுக்குப் பெயர்கள் உண்டு, முழுமைக்குப் பெயரில்லை என்ற பொருள்பட எழுதிச் சென்றார். ஐரோப்பிய உடற்கூற்று நூல்கள் நெடுங்காலம் இதனைப் 'பெயரற்ற எலும்பு' என்றே இலத்தீனில் குறித்து வந்தன. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (மறைவு 873) அவருடைய மாணவர்களும் பக்தாதில் காலனின் நூல்களை அரபாக்கியபோது, பெயரற்ற இவ்வெலும்பும் அரபு மொழிக்குள் வந்து சேர்ந்தது.

இப்னு சீனா (980–1037) தம் அல்கானூனின் முதல் நூலில் இதற்குத் தனியாக ஓரிடம் ஒதுக்கினார். திரிக எலும்பின் வலத்திலும் இடத்திலும் அமைந்த இவ்விரு எலும்புகளும் மேலுள்ள எலும்புகளுக்கெல்லாம் அடித்தளம் போன்றவை, கீழுள்ளவற்றைத் தாங்கி இயக்குபவை என்று கூறி, ஒவ்வொன்றையும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறார். வெளிப்புறத்தது ஹர்கஃபா அல்லது காஸிரா எலும்பு. முன்புறத்தது ஆனா எலும்பு. பின்புறத்தது வரிக் எலும்பு. கீழே உட்புறமாக இருப்பது ஹுக்குல் ஃபகித், அதாவது தொடையின் சிமிழ். ஹுக்கு என்பது மூடியுள்ள சிறு பெட்டி. நம் பாட்டிமார் மருந்தும் மையும் வைத்திருந்த சிமிழை அப்படியே நினைவூட்டுவது. இலத்தீனர் அதே குழியைக் காடி ஊற்றும் கிண்ணம் என்றனர். எதைக் கண்டாலும் தம் வீட்டுப் பொருளின் பெயரை அதற்கு வைப்பது மொழிகளின் இயல்பு போலும். தவர்ருக் அமர்வில் இடப்பக்கத்து உடற்பாரம் எந்த எலும்பின் மேல் இறங்குகிறதோ, அதுவே இப்னு சீனா வரிக் என்று பெயரிட்ட பின்பகுதி. ஃபகீஹ்களின் சொல்லும் தபீபுகளின் சொல்லும் இங்கே ஒரே புள்ளியில் வந்து பொருந்துகின்றன.

இன்றைய உடற்கூற்றியல் மூன்று பகுதிகளையே ஏற்கிறது. குழியைத் தனிப்பகுதியாகக் கொள்வதில்லை. மூன்றும் சந்திக்கும் இடமே குழி. வளரும் பருவத்தில் குழியின் ஓரத்தில் தனியே தோன்றிப் பின்னர் கலந்துவிடும் சிறு எலும்பு முளை ஒன்றைப் பற்றி இக்கால நூல்கள் பேசுகின்றன. அதைக் காட்டி, இப்னு சீனா ஆயிரமாண்டுகளுக்கு முன்பே இதனைக் கண்டறிந்தார் என்று எழுத நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். அவ்வாறு சொல்வதற்கு அவருடைய நூலில் ஆதாரமில்லை. அவர் பகுத்தது வடிவத்தைக் கொண்டு, வளர்ச்சியைக் கொண்டன்று. அவருடைய சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. தொடைத் தசைகளை அவர் இயக்கத்தின் அடிப்படையில் வகுத்தார்: நீட்டுபவை, மடக்குபவை, விலக்குபவை, சேர்ப்பவை, சுழற்றுபவை. இவற்றுள் நீட்டும் தசைகளே மிகப் பெரியவை. ஏனெனில் மனிதன் நிமிர்ந்து நிற்பது அவற்றால்தான் என்று காரணமும் கூறினார். அவர் அங்கே ஆளும் சொல் கியாம். உடலிலேயே பெரிய தசை பெரும் பிட்டத் தசை என்பதும், அது தொடையை நீட்டி உடலை எழுப்புவது என்பதும் இன்றைய பாடநூலிலும் உள்ள செய்திதான்.

அல்கானூனுக்குப்பின் ஏறத்தாழ இருநூறாண்டுகள் கழித்து, நம் கதையின் நடுவணான மனிதர் வருகிறார். அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ 1162இல் பக்தாதில் பிறந்தவர். இலக்கணம், ஹதீஸ், ஃபிக்ஹு, மெய்யியல், மருத்துவம் எனப் பல துறைகளைக் கற்று, மவ்ஸில், திமிஷ்க் எனப் பயணம் செய்து, எகிப்துக்கு வந்து அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார். அவர் கெய்ரோவில் இருந்த காலத்தில் நைல் நதி பொய்த்தது. 1200 முதல் 1202 வரை எகிப்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அக்கொடுமைகளை அவர் தம் 'கித்தாபுல் இஃபாதா வல் இஃதிபார்' என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார். படிப்பவர் நெஞ்சம் பதறும் பக்கங்கள் அவை. அப்பக்கங்களுக்கு நடுவே உடற்கூற்றியல் வரலாற்றின் அரிய செய்தி ஒன்றும் இடம்பெறுகிறது.

அவரிடம் மருத்துவம் பயின்ற சிலர் காலனின் உடற்கூற்று நூலைப் படித்துக் கொண்டிருந்தனர். சொல்லால் விளக்குவது கண்ணால் காண்பதற்கு ஈடாகாமையால், ஆசிரியருக்கும் மாணவருக்கும் அது கடினமாயிற்று. கெய்ரோவின் அருகே அல்மக்ஸ் என்னுமிடத்தில் பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் குன்றாகக் குவிந்து கிடப்பதாக அவர்களுக்குச் செய்தி வந்தது. அனைவரும் அங்கே சென்றனர். இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட உடல்கள் அங்கிருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். எலும்புகளின் வடிவம், மூட்டுகளின் அமைப்பு, அவை ஒன்றோடொன்று பொருந்தும் பாங்கு ஆகியவற்றை நேரில் கண்டபோது, நூல்கள் தரவியலாத அறிவு தமக்குக் கிடைத்தது என்கிறார்.

அங்கே அவர் கண்ட முதல் செய்தி கீழ்த்தாடையைப் பற்றியது. அது முகவாயில் இணையும் இரண்டு எலும்புகளாலானது என்று காலன் எழுதியிருந்தார். அவருக்குப்பின் வந்தோர் அனைவரும் அதையே எழுதினர். அல்பக்தாதீ பார்த்தார், மூட்டுமில்லை, இணைப்புத் தடமுமில்லை, ஒரே எலும்பு. தாம் கண்டதோடு நில்லாமல் மற்றவரையும் பார்க்கச் சொன்னார். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மண்டையோடுகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. பின்னர் பூஸீரின் பழைய இடுகாட்டிலும் பார்த்தார். அங்கும் அவ்வாறே இருந்தது. காலன் எத்துணைப் பெரியவராயினும் புலன்களின் சாட்சி அவரினும் நம்பத்தக்கது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அரபு மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் எல்லோரும் இந்தத் தாடை எலும்பைத் தவறாமல் குறிப்பிடுவர்.

நமக்கோ அதற்கடுத்து அவர் எழுதுவதே பெரிதாகப் படுகிறது. தாடையிலிருந்து அவர் இடுப்புக்கு வருகிறார். திரிக எலும்பும் வால் எலும்பும் சேர்ந்து ஆறு எலும்புகளாலானவை என்பது காலன் கூற்று. அல்பக்தாதீ பார்த்தபோது அது ஒரே எலும்பாக இருந்தது. தாடையில் வென்ற ஒருவர் இங்கும் காலன் தவறிழைத்தார் என்று எழுதி முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மேலும் தேடினார். ஓர் உடலில் காலன் சொன்னவாறே ஆறாகக் கண்டார். ஏனையவற்றிலும் அவ்வாறே கண்டார்; இரண்டில் மட்டும் ஒன்றாகக் கண்டார். கண்டதைக் கண்டவாறே எழுதிவிட்டு, கீழ்த்தாடை பற்றித் தமக்கிருக்கும் உறுதி இதைப் பற்றி இல்லை என்றும் சேர்த்து எழுதினார்.

அவர் ஏன் இரண்டு விதமாகக் கண்டார் என்பதை இன்று நாம் விளக்க முடியும். திரிக எலும்பு ஐந்து முள்ளெலும்புகள் இணைந்து உருவாவது. இளமையில் அவை தனித்தனி. இருபதுகளின் நடுவில் முற்றாக ஒன்றாகின்றன. வால் எலும்பின் துண்டுகள் மூன்று முதல் ஐந்து வரை இருக்கும். சிலரிடம் அவையும் திரிக எலும்போடு ஒட்டிக்கொள்ளும். அல்மக்ஸ் குன்றில் முதியவரும் இளைஞரும் சிறுவரும் கலந்தே கிடந்தனர். எலும்பு வயதுக்கேற்ப மாறுகிறது என்பதை அறியாத நிலையில், உண்மையாளர் ஒருவர் சொல்லக்கூடிய விடை அவர் சொன்னதுதான். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், ஐயமுள்ளதை ஐயமுள்ளது என்றும் பிரித்து வைப்பது ஹதீஸ் கலையினருக்குப் பழகிய பண்பு. ஸஹீஹ் எது, ளயீஃப் எது என்று தரம் பிரிக்கக் கற்ற ஒரு மனம் எலும்புக் குவியலின் முன் நின்றபோதும் அதே தராசைக் கைவிடவில்லை என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம்.

இரும்பைக்கு அருகே, கடற்கரையை ஒட்டிய பொம்மையார்பாளையத்தின் செம்மண் ஓடைப் பகுதியில், கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் பி. ராஜேந்திரன் 2001இல் கண்டெடுத்ததாக அறிவித்த ஒரு பொருள் இங்கே நினைவுக்கு வருகிறது. இரும்புச் சத்துச் செறிந்து இறுகிய மண்ணுக்குள் உறைந்த ஒரு குழந்தையின் மண்டையோடு அது என்றும், ஒன்றரை இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது என்றும் அவர் கூறினார். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. இடுப்பெலும்பு கிடைத்திருந்தால் ஆய்வுக்கு இன்னொரு வாயில் திறந்திருக்கும். ஓர் எலும்புக்கூடு ஆணுடையதா பெண்ணுடையதா என்று அறிய இடுப்பெலும்பைப் போல் உதவுவது வேறில்லை. பெண்ணிடம் முன்புற வளைவின் கோணமும் பின்புற வெட்டும் அகன்றிருக்கும். குழந்தையிடம் அவ்வேறுபாடும் தெளிவாக இராது. ஆயினும் மூன்று துண்டுகளும் எந்த அளவுக்கு வளர்ந்துள்ளன என்பதிலிருந்து வயதையாவது கணிக்கலாம். நம் கரைக்கு இலட்சம் ஆண்டுப் பெருமை வேண்டும் என்பாரும், அது வெறும் மண்கட்டி என்பாரும் அல்பக்தாதீயின் அந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கலாம்.

அல்பக்தாதீயின் கண்டுபிடிப்பு மருத்துவப் பாடத்தை மாற்றியதா? மாற்றவில்லை என்றே சொல்ல வேண்டும். அவர் அதை எழுதியது மருத்துவ நூலில் அன்று, எகிப்தைப் பற்றிய நூலில். மாணவர்கள் தொடர்ந்து அல்கானூனையும் அதன் சுருக்கங்களையும் அவற்றின் உரைகளையுமே படித்தனர். அடுத்த தலைமுறையில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ் (மறைவு 1288) நுரையீரல் வழியாகக் குருதி சுற்றிவருவதை எடுத்துரைத்த மேதை. ஷாஃபிஈ ஃபிக்ஹு வல்லுநரும் ஆவார். உடலை அறுத்துப் பார்ப்பதற்கு ஷரீஅத்தும் தம் இரக்க குணமும் தடையாக உள்ளன என்று அவரே எழுதினார். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்னும் பொருளுடைய நபிமொழியை ஆலிம்கள் நன்கறிவர். மய்யித்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அல்மக்ஸில் யாரும் எதையும் முறிக்கவில்லை. பஞ்சம் கிடத்தியதைப் பார்த்தார்கள், அவ்வளவே. கல்வித் தேவைக்காக உரிய வரம்புகளோடு உடற்கூறு ஆய்வு செய்யலாம் என மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு பேரவை 1987இல் முடிவு செய்தது. ஆகவே தடை நூலில் இருந்ததைவிடப் பழக்கத்தில் இருந்தது என்பதே நம் கருத்து. ஷீராஸில் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் மன்ஸூர் இப்னு இல்யாஸ் பாரசீகத்தில் எழுதிய உடற்கூற்று நூல் மனித எலும்புக்கூட்டை முழு உருவப் படமாகவே வரைந்து காட்டியது. அதைப் படியெடுத்தோர் பலர். படத்தை எலும்போடு ஒப்பிட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

நம் காலத்தில் வேறொரு பழக்கம் புகுந்துள்ளது. அஜ்புத் தனபை நெருப்பிலிட்டாலும் அமிலத்திலிட்டாலும் அழியாது என்று ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டுவிட்டதாக எழுதும் கட்டுரைகளை அவ்வப்போது காண்கிறோம். மறுமையில் மனிதன் அதிலிருந்து மீண்டும் உருவாக்கப்படுவான் என்ற செய்தி ஈமானுக்குரியது. அதற்கு உலைக்களத்தின் சான்றிதழ் வேண்டியதில்லை. உண்மையிலேயே அந்த எலும்பை எடுத்து, எண்ணி, எண்ணியதில் உள்ள ஐயத்தையும் எழுதி வைத்த ஒரு முஸ்லிம் அறிஞர் இருக்க, அவரை விட்டுவிட்டு எவரும் சரிபார்க்காத சோதனைகளின்பின் ஓடுவது நமக்கு அழகன்று.

தமிழுக்கு வருவோம். இடுப்பு, அரை, மருங்கு, ஒக்கலை, சந்து எனத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குடத்தையும் குழந்தையையும் தாய் எந்த எலும்பின் விளிம்பில் ஏற்றி வைக்கிறாளோ அவ்விடத்திற்கு ஒக்கலை என்று தனிப்பெயரே இருக்கிறது. எனினும் இவை உடலின் இடங்களுக்குரிய பெயர்கள், எலும்பின் பகுதிகளுக்குரியவையல்ல. எலும்புகளையும் தசைகளையும் ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிப் பாடம் நடத்தும் பெருமுயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலும் 1860களிலிருந்து தமிழிலும் பாடம் சொன்னார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர். கட்டர் என்பாரின் உடற்கூற்று நூல் 1857இல் தமிழில் வெளிவந்தது. 1858இல் இலண்டனில் முதற்பதிப்புக் கண்ட கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழாயிற்று. கிறீனின் மாணவர் சாப்மன் மொழிபெயர்க்க, கிறீன் அதனைத் திருத்தினார். பதினான்கே ஆண்டு இடைவெளி! அன்றைய நிலையில் இது வியக்கத்தக்க வேகம்.

கலைச்சொற்களுக்கு கிறீன் ஒரு வரிசை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது. அங்கே கிடைக்காவிடில் வடமொழியில் தேடுவது. அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்ப்பது. அங்காதிபாதம், சுகரணம், கெமிஸ்தம் என்ற சொற்கள் இவ்வாறு பிறந்தவை. அந்த வரிசையில் அரபு இல்லை. அதற்காகக் கிறீனைக் குறைகூற நாம் துணியோம். அதை அங்கே கொண்டு வைத்திருக்க வேண்டியவர்கள் அரபும் தமிழும் ஒருசேரக் கற்ற நம் முன்னோரே. அரபுத்தமிழில் மார்க்க நூல்களோடு மருத்துவ நூல்களையும் எழுதிய சமுதாயம் இது. ஆயினும் அல்கானூனின் எலும்பியல் பகுதி அச்சில் வந்து தமிழ் மாணவர் கையில் பாடநூலாக இருந்ததில்லை.

கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. அவருடைய சொற்களும் பெரும்பாலும் நூலகங்களில் உறங்குகின்றன. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் இடுப்பெலும்பின் மூன்று பகுதிகளும் இலத்தீன் பெயர்களின் ஒலிபெயர்ப்பாகவே, இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்றே வருகின்றன. சென்னை அரும்பாக்கத்தில் 1979இல் தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் தஷ்ரீஹுல் பதன் என்ற பெயரில் உடற்கூற்றியலைப் படிக்கின்றனர். அவர்களுக்கு இவ்வெலும்பின் அரபுப் பெயர்கள் உருது வழியாக வந்து சேர்கின்றன. அரபுக் கல்லூரி மாணவரிடமோ அதே பெயர்கள் ஃபிக்ஹு வழியாக இருக்கின்றன. எலும்பு மட்டும் இல்லை. பள்ளி மாணவரிடம் எலும்பின் படம் இருக்கிறது. ஒலிபெயர்ப்பைத் தவிர பெயர் இல்லை. மூவரும் தமிழ் பேசுபவர்கள்.

அரபுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் மருத்துவத்தைச் சேர்க்க வேண்டும் என்று கோரும் அளவுக்கு நாம் செல்லவில்லை. இருக்கும் பாடங்களே மாணவருக்குச் சுமை. செய்யக்கூடியது ஒன்றுண்டு. நெகிழியில் செய்த இடுப்பெலும்பு மாதிரிகள் மருத்துவ மாணவருக்கான கடைகளில் கிடைக்கின்றன. தொழுகைப் பாடத்தில் தவர்ருக் வரும் நாளன்று அவற்றுள் ஒன்றை மேசைமேல் வைக்கலாம். வரிக் எது, காஸிரா எது, ஆனா எது என்று மாணவர்களே விரல் வைத்துக் காட்டட்டும். திரிக எலும்பையும் வால் எலும்பையும் எண்ணச் சொன்னால், மாதிரியைப் பொறுத்து வெவ்வேறு எண்ணிக்கை வரக்கூடும். அப்போது 'இஃபாதா'வின் அந்தப் பக்கத்தை எடுத்து வாசிக்கலாம். அல்பக்தாதீ தம் கையாலேயே எழுதிய அந்நூலின் படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதன் அரபு மூலம் இலத்தீன் மொழிபெயர்ப்போடு 1800இலும், சில்வெஸ்தர் த சாஸியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1810இலும் அச்சேறின. தமிழில் இதுவரை ஒரு பகுதியேனும் வந்ததாக நம் பார்வைக்கு எட்டவில்லை.